நிரலை இயக்கும் முன்: எடிட்டர் சொல்வதும் சொல்லாததும்

புலம்பெயர் நாடுகளில் பல காலமாக இயங்கிவரும் தமிழ்ச் சங்கங்கள் பலவற்றின் கணினியில் ஒரு பழைய கோப்புறை கிடக்கும். தொண்ணூறுகளிலிருந்து வெளிவந்த ஆண்டு மலர்கள், விழா அழைப்பிதழ்கள், மறைந்தவர்களுக்கான நினைவுக் குறிப்புகள், தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அதற்குள் இருக்கும். பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அச்சிட்ட பிரதிகள் யாருடைய வீட்டு நிலவறையிலோ ஈரம் குடித்துப் போயிருக்கும். மிச்சமிருப்பது இந்தக் கோப்புகள் மட்டுமே.

பாமினிக் கோப்பு ஒரு விசித்திரமான பொருள். திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் தமிழ் கிடையாது. 'தமிழ்' என்ற சொல் அதற்குள் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளாகக் கிடக்கிறது. அந்த ஆங்கிலக் குறிகளின் மேல் எழுத்துரு தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால் போர்வை விலகிவிடும், ஒன்றும் விளங்காது. ஒருவருடைய பெயரைத் தமிழில் தட்டித் தேடினாலும் அகப்படாது. ஆகவே இவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் வரும், போகும்.

ஒரு கோப்பு, இரண்டு கோப்பு என்றால் இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றிகளில் வெட்டி ஒட்டி வேலையை முடித்துவிடலாம். நானூறு கோப்புகள் என்றால் அதற்கு ஒரு சிறு நிரல் வேண்டும். ஆங்கிலத்தில் ஸ்கிரிப்ட் என்பார்கள். முன்பெல்லாம் அதை எழுதித்தர ஓர் ஆளைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் இரண்டு வரியில் கேட்டால் நாற்பது வரிப் பைதன் நிரல் கையில் வந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெறாமகன் அதைத் தன் மாக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்துச் சரி என்கிறான். சங்கச் செயலாளர் தன் விண்டோஸ் கணினியில் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டரைத் திறக்கிறார். மேலே வலப்பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கிறது. அதை அழுத்துகிறார். சில நொடிகளில் 'முடிந்தது' என்று வருகிறது. கோப்புறையைத் திறந்தால் நானூறு கோப்புகளும் அதே பெயரில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அளவும் பூச்சியம்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் அதில் வரும் ஒவ்வொரு படியும் பைதனின் உண்மையான நடத்தை. அது ஏன் அப்படி நடக்கிறது, அழுத்துவதற்கு முன்பே அதே எடிட்டர் எதையெல்லாம் சொல்லியிருக்கும், எதைச் சொல்லியிருக்காது என்பதைப் பார்ப்போம். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்று நிரலை எழுதுகிறவர்களைவிட, பிறர் கொடுத்ததை இயக்குகிறவர்களே நம்மிடையே அதிகம்.

முதலில் அந்த ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம். எழுதுவது, சோதிப்பது, இயக்குவது என்ற மூன்றும் ஒரு காலத்தில் மூன்று தனித்தனி வேலைகளாக இருந்தன. 1978இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் 'லிண்ட்' என்ற சோதனைக் கருவியை எழுதினார். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுப் பிசிறுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். சி மொழி நிரல் ஒன்றைக் கொடுத்தால் அதை இயக்காமலே படித்து, சந்தேகத்துக்குரிய இடங்களைப் பிசிறு பொறுக்குவதுபோல் பொறுக்கிக் காட்டும். 1983இல் போர்லண்ட் நிறுவனம் 49.95 டொலருக்கு விற்ற டர்போ பாஸ்கல், எழுதுவதையும் இயக்குவதையும் ஒரே திரைக்குள் கொண்டுவந்தது. அதன் கம்பைலரை எழுதிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் பின்னாளில் மைக்ரோசொஃப்டில் சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் மொழிகளை உருவாக்கியவர். விஷுவல் ஸ்டுடியோ கோட் 2015இல் அறிவிக்கப்பட்டது. எந்த மொழிக்கான சோதனைக் கருவியும் எந்த எடிட்டரோடும் பேசுவதற்கான பொது நெறிமுறை 2016இல் வந்தது. இதனால் இன்று இலவசமாகக் கிடைக்கும் ஓர் எடிட்டருக்குள் எல்லாமே இருக்கின்றன. வசதிதான். ஆனால் சோதிக்கும் இடமும் இயக்கும் பொத்தானும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டதால், பச்சை விளக்கு எரிந்துதான் முக்கோணம் தெரிகிறது என்ற ஒரு மயக்கமும் கூடவே வந்துவிட்டது. அந்த முக்கோணம் எப்போதும் அங்கேதான் இருக்கும். நிரல் நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது.

எடிட்டர் காட்டும் சிவப்பு நெளிகோடு இலக்கணப் பிழைக்கு உரியது. அடைப்புக்குறி மூடவில்லை, மேற்கோள் முடியவில்லை என்பது போன்றவை. மொழியில் சொல்வதென்றால், 'அவன் சோறு சாப்பிட்டாள்' என்றால் சிவப்பு வரும். 'அவன் கல்லைச் சாப்பிட்டான்' என்றால் வராது. இலக்கணம் சரியாகத்தானே இருக்கிறது. இன்று செயலிகள் எழுதித்தரும் நிரல்களில் சிவப்புக் கோடு அநேகமாக இருப்பதில்லை. அதனால்தான் அவற்றைப் பார்த்தவுடன் நம்பத் தோன்றுகிறது.

மஞ்சள் கோடு வேறு வகை. இலக்கணம் சரி, ஆனால் இந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை என்று எடிட்டர் சொல்வது அது. பழைய லிண்டின் பேரப்பிள்ளைகள் செய்யும் வேலை. பைதனுக்கு அப்படி ஒன்று பைலிண்ட். எடிட்டரோடு தானாக வராது. நீட்சிகள் பகுதியில் பெயரைத் தட்டித் தேடி நிறுவ வேண்டும், இரண்டு நிமிட வேலை. செயலாளரின் கணினியில் அது இருந்திருந்தால், அந்த நாற்பது வரி நிரலில் மூன்று இடங்களில் மஞ்சள் கோடு இழுத்திருக்கும்.

இரண்டு கோடுகள், கோப்பைத் திறக்கும் வரிகளின் கீழ். பைலிண்டின் ஆட்சேபம் இதுதான்: கோப்பை வாசிக்கத் திறக்கிறாய், எழுதத் திறக்கிறாய், எந்தக் குறியாக்கத்தில் என்று சொல்லவில்லையே? குறியாக்கம் என்பது எழுத்துகளை எண்களாக்கி வட்டில் வைக்கும் முறை. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இது தேவையில்லாத நச்சரிப்பாகத் தோன்றும். நமக்கு இதுதான் உயிர்நாடி. நிரல் குறியாக்கத்தைச் சொல்லாவிட்டால், பைதன் அந்தக் கணினியின் வழக்கத்தை எடுத்துக்கொள்கிறது. மாக்கில் அது யுடிஎஃப்-8. உலகின் எல்லா எழுத்துகளும் அதற்குள் அடங்கும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒஸ்லோவிலோ வாங்கிய விண்டோஸ் கணினியில் அது வழக்கமாக விண்டோஸ்-1252 என்ற பழைய மேற்கைரோப்பிய அட்டவணை. அதில் பிரெஞ்சுக்காரரின் தொப்பி போட்ட எழுத்துகளும் நோர்வேக்காரரின் கோடு போட்ட ஓவும் உண்டு. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

இப்போது நிரலின் போக்கைப் பின்தொடர்ந்து பாருங்கள். பாமினிக் கோப்பில் இருப்பவை ஆங்கில விசைக் குறிகள்தானே. அவற்றை வாசிப்பதில் எந்தக் கணினிக்கும் சிக்கல் இல்லை. நினைவகத்துக்குள் அவை யூனிகோட் தமிழாக மாறுகின்றன. அதிலும் சிக்கல் இல்லை. பிறகு நிரல் அதே கோப்பை எழுதுவதற்காகத் திறக்கிறது. எழுதும் முறையில் திறந்த அந்தக் கணத்திலேயே பைதன் பழைய உள்ளடக்கத்தைத் துடைத்துவிடும். இன்னும் ஓர் எழுத்துக்கூட எழுதப்படவில்லை, ஆனால் கோப்பு காலி. அதன்பிறகுதான் எழுத முயல்கிறது. முதல் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் 1252 அட்டவணை கையை விரிக்கிறது. பிழை. வட்டில் எஞ்சுவது பூச்சியம் அளவுள்ள ஒரு கோப்பு. "சித்தப்பா, என்ர கணினியில வடிவா ஓடிச்சுதே" என்று பெறாமகன் சொல்வதும் பொய் இல்லை. அவனுடைய மாக்கில் இதே நிரல் உண்மையிலேயே வடிவாக ஓடும்.

பிழை வந்தால் நிரல் முதல் கோப்பிலேயே நின்றிருக்க வேண்டுமே, மற்ற 399 எப்படிப் போயின? அங்கேதான் மூன்றாவது மஞ்சள் கோடு. செயலிகள் எழுதும் நிரல்களில் ஒரு பழக்கம் உண்டு: எந்தப் பிழை வந்தாலும் பொருட்படுத்தாமல் அடுத்த கோப்புக்குப் போ என்று ஒரு வளையத்தைப் போட்டுவிடுவது. பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கும், திரையில் சிவப்பு எழுத்துகள் கொட்டாது. பைலிண்ட் இதைக் கண்டால், எல்லாப் பிழைகளையும் ஒரே வலையில் பிடிக்கிறாய் என்று மஞ்சள் கோடு இழுக்கும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே சில்லறைக் குறைகள். சேர்ந்தால் இருபது ஆண்டு மலர்கள்.

பைலிண்டுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதையும் சொல்ல வேண்டும். நிரலின் தலையில் விளக்கக் குறிப்பு இல்லை, மாறியின் பெயர் மரபுப்படி இல்லை, வரி நீண்டுவிட்டது என்றெல்லாம் நீல நிறத்தில் இருபது குறை சொல்லும். அந்த இருபதுக்குள் மூன்று மஞ்சள் புதைந்துபோகும். என் கருத்தில், பிறர் கொடுத்த நிரலை ஒருமுறை மட்டும் இயக்கப்போகிறவர் நீலத்தைத் தைரியமாகப் புறக்கணிக்கலாம். மஞ்சளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். விளங்காவிட்டால் அந்த வாக்கியத்தை அப்படியே நகலெடுத்து, நிரலைத் தந்தவரிடமோ செயலியிடமோ கேட்க வேண்டும். பைதன் 3.15 பதிப்பிலிருந்து எல்லாக் கணினிகளிலும் யுடிஎஃப்-8 தான் இயல்பு என்று பைதன் குழு முடிவு செய்திருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் சங்கத்துக் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது வேறு கேள்வி. பைதன் கோப்பு திறந்திருக்கும்போது எடிட்டரின் கீழ்ப்பட்டையில் வலது ஓரமாகப் பதிப்பு எண் தெரியும்.

குறியாக்கம் பற்றி இன்னும் ஒன்று, இது கொஞ்சம் வேடிக்கையானது. சரியாக மாற்றப்பட்ட யுடிஎஃப்-8 தமிழ்க் கோப்பைப் பின்னொரு நாள் அதே விண்டோஸ் கணினியில் குறியாக்கம் சொல்லாமல் வாசித்தால், நிரல் அநேகமாக முதல் புள்ளியிலேயே இடறி விழும். க், ங், ச் என்று மெய்யெழுத்துக்கு மேல் நாம் வைக்கும் அதே புள்ளிதான். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் எடுக்கும். 1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கின்றன. புள்ளியின் மூன்றாவது பைட் சரியாக அந்தக் காலி இடங்களில் ஒன்றில் போய் விழுகிறது. உகரக் குறிக்கும், ஏ, ஐ என்ற எழுத்துகளுக்கும் இதே கதிதான். அப்படி நின்றுவிட்டால் நல்லது என்றுதான் நினைக்க வேண்டும். நிற்காமல், தொப்பி போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வரும் குப்பையாக அது சேமிக்கப்பட்டால்தான் தொல்லை. அந்தக் குப்பையை மின்னஞ்சல்களில் பார்த்திராத தமிழர் இருக்க மாட்டார்கள். "பிழை வந்தால் அந்த எழுத்தைத் தவிர்த்துவிடு" என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் பிழைச் செய்தி மறைந்துவிடும் என்று சில செயலிகள் ஆலோசனை சொல்லும். 1252இல் எழுதும் நிரலில் அதைச் சேர்த்தால் மறைவது தமிழ் முழுவதும். எண்களும் காற்புள்ளிகளும் மட்டும் மிஞ்சும்.

இதெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு வரும் சிக்கல் என்று எண்ண வேண்டாம். 2011இல் லினக்ஸ் மடிக்கணினிகளுக்கான பம்பிள்பீ என்ற இலவச மென்பொருளின் நிறுவல் நிரலில், அழிக்க வேண்டிய கோப்புறையின் முகவரிக்கு நடுவே ஒரேயொரு இடைவெளி தவறுதலாக விழுந்திருந்தது. இடைவெளிக்கு முன்னால் இருந்தது யுஎஸ்ஆர் என்ற கோப்புறையின் பெயர். லினக்ஸின் மென்பொருள்களில் பெரும்பகுதி குடியிருக்கும் இடம் அது. நிரல் அதை முழுதாக அழித்தது. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியின் லினக்ஸ் பதிப்பில் இன்னொன்று. தான் இருக்கும் கோப்புறை எது என்று நிரல் கண்டுபிடித்து, அதற்குள் இருப்பதையெல்லாம் அழிக்கும்படி ஒரு வரி. பயனர் ஒருவர் அந்தக் கோப்புறையை வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தார். நிரலால் கண்டுபிடிக்க முடியவில்லை, முகவரி வெறுமையாகிவிட்டது. வெறுமைக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் மட்டும் மிஞ்சினால் லினக்ஸில் அதன் பொருள் 'கணினியில் உள்ள எல்லாம்'. அவருடைய கோப்புகள் போயின. செருகியிருந்த வெளி வட்டில் வைத்திருந்த காப்பு நகலும் சேர்ந்து போயிற்று. அந்த வரிக்கு மேலே, இது பயமாக இருக்கிறது என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல்லை எழுதியவரே குறிப்பாகப் போட்டு வைத்திருந்தார் என்பதுதான் இதில் வியப்பு.

ஷெல் நிரல்களுக்கு ஷெல்செக் என்ற இலவசச் சோதனைக் கருவி உண்டு. விஷுவல் ஸ்டுடியோ கோடில் நீட்சியாகச் சேர்க்கலாம். இந்த இரண்டு வகைக்குமே அதில் தனித்தனி எச்சரிக்கை இருக்கிறது: முகவரி வெறுமையானால் வேரையே அழிப்பாய் என்று ஒன்று, கணினியின் சொந்தக் கோப்புறையை அழிக்கப் பார்க்கிறாய் என்று இன்னொன்று. நிரலை இயக்காமல், வெறுமனே படித்தே அது இதைச் சொல்லிவிடும்.

ஸ்டீம் கதையில் வந்த 'நான் எந்தக் கோப்புறையில் நிற்கிறேன்' என்ற கேள்வி நம் செயலாளருக்கும் உண்டு. முக்கோணத்தை அழுத்தினால் பைதன் நிரல் எங்கிருந்து ஓடும்? நிரல் இருக்கும் கோப்புறையிலிருந்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வழக்கமான அமைப்பில் அது ஓடுவது நீங்கள் எடிட்டரில் திறந்து வைத்திருக்கும் கோப்புறையிலிருந்து. 'மலர்கள்' கோப்புறையைத் திறந்திருந்தால் பரவாயில்லை. அவசரத்தில் அதற்கு மேலேயுள்ள 'ஆவணங்கள்' கோப்புறையைத் திறந்திருந்தால், "இங்கே இருக்கும் எல்லா உரைக் கோப்புகளையும் மாற்று" என்ற வரியில் 'இங்கே' என்பதன் பொருள் மாறிவிடுகிறது. உட்கோப்புறைகளுக்குள்ளும் இறங்கிப்போகும் நிரலாக இருந்தால், சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் வங்கிக் கணக்குக் குறிப்பும்கூட பாமினியாகக் கருதப்பட்டு 'தமிழாக்கப்படும்'. இதற்கு எந்த நிறக் கோடும் வராது. இயக்கும் முன் கீழே திறக்கும் டெர்மினலில் தெரியும் முகவரியைக் கண்ணால் படிப்பது ஒன்றுதான் வழி.

கண்ட்ரோல்-இசட் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். எடிட்டரில் நீங்கள் கையால் தட்டிய மாற்றத்தை மட்டுமே அது திரும்ப எடுக்கும். நிரல் வட்டில் நேரடியாக எழுதியதை அது அறியாது. குப்பைத்தொட்டியிலும் தேடிப் பயனில்லை. கோப்பு அழிக்கப்படவில்லையே, உள்ளே இருந்தது மட்டும்தானே போயிற்று. எனவே முதல் வேலையாகக் கோப்புறையை முழுதாக நகலெடுத்து யுஎஸ்பி குச்சியில் போட்டுக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஸ்டீம் பயனரின் வெளி வட்டை நினைத்துப் பார்த்தால், 'கழற்றி' என்ற சொல்லின் அருமை தெரியும். இரண்டாவது வேலை, மாற்றிய கோப்புகளைப் புதிய கோப்புறையில் எழுதும்படி நிரலைத் திருத்தச் சொல்வது. மூலக் கோப்பின் மேலேயே எழுதும் நிரலை, யார் தந்தாலும் சரி, திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது என் கட்சி.

இனி இயக்கலாம், ஆனால் முழுதாக அல்ல. முக்கோணத்தை மறந்துவிட்டு, கோப்பில் எழுதும் அந்த ஒரு வரியின் இடப்பக்க ஓரத்தில் சுட்டியால் ஒருமுறை சொடுக்குங்கள். ஒரு சிவப்புப் பொட்டு விழும். நிறுத்தப் புள்ளி என்பது இதுதான். பிறகு எஃப்5 விசை. நிரல் ஓடி வந்து அந்த வரிக்கு முன்னால் நின்றுவிடும். அந்த வரி இன்னும் நடக்கவில்லை. இடப்பக்கத்தில் ஒரு பலகை திறந்து, நிரலின் கையில் அந்த நேரத்தில் என்னென்ன இருக்கின்றன என்று காட்டும்: எந்தக் கோப்பு, எந்தக் கோப்புறை, மாற்றிய உரை என்ன. நிரல் எழுதத் தெரியாதவரும் இதை வாசிக்கலாம், அது தமிழ்தானே. எஃப்10 அழுத்தினால் ஒரே ஒரு வரி நகரும். திருப்தியில்லை என்றால் ஷிஃப்டோடு எஃப்5, நிரல் அங்கேயே முடிந்தது. எழுதப்படாத கோப்பு எழுதப்படாமலே இருக்கும். சோதிப்பதற்கும் இயக்குவதற்கும் நடுவில் இப்படி ஓர் அறை இருப்பதுதான் எடிட்டருக்குள் இருந்து இயக்குவதன் உண்மையான லாபம். பலரும் அந்த அறைக்குள் கால் வைப்பதே இல்லை.

அந்தப் பலகையில் மாற்றிய உரையைக் கொஞ்சம் நேரம் எடுத்து வாசியுங்கள். எந்தக் கருவிக்கும் தெரியாத பிழை அங்கேதான் இருக்கும். பாமினியில் ஒளகாரத்துக்கென்று தனிக் குறி இல்லை. 'கௌ' என்று வரவேண்டுமானால் ஒற்றைக் கொம்பு, க, அதன்பின் ள எழுத்துக்குரிய விசை என்று மூன்றைத் தட்டுவார்கள். 'வெளி' என்று எழுதும்போதும் ஒற்றைக் கொம்பு, வ, ள என்றுதான் அந்த வரிசை வரும், பிறகு இகரக் குறி. நிரல் எந்த யோசனையும் இல்லாமல் அந்த மூன்றையும் 'வௌ' என்று மாற்றிவிட்டால், வெளிநாடு 'வௌிநாடு' ஆகும், வெளியீடு 'வௌியீடு' ஆகும், வெள்ளவத்தை 'வௌ்ளவத்தை' ஆகும். நம்முடைய செய்தித்தளங்களிலும் அழைப்பிதழ்களிலும் இந்த எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். தட்டச்சுப் பிழை என்று நினைத்திருப்பீர்கள். பல இடங்களில் அது ஒரு மாற்றி நிரலின் கைரேகை. மாறாக, மூன்று குறிகளைத் தேடும் விதியையே விட்டுவிட்டால் கௌரி 'கெளரி' ஆகி, தேடலில் அகப்படாமல் போவாள். ள எழுத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ள, வராவிட்டால் ஒளகாரம் என்று ஒரு விதி வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். இது நிரல் அறிவு இல்லை, தமிழ் அறிவு. சிவப்புக் கோட்டுக்கும் மஞ்சள் கோட்டுக்கும் இது எட்டாது.

அதேபோல், மலரில் நடுநடுவே வேறு எழுத்துருவில் தட்டியிருந்த ஆங்கிலச் சொற்கள், தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்திலிருந்த மின்னஞ்சல் முகவரிகள். வெற்று உரையாகச் சேமித்தபோது எழுத்துருத் தகவல் போய்விட்டதால், நிரலுக்கு எல்லாம் பாமினிதான். அனுசரணையாளர் பெயர்கள் அர்த்தமில்லாத தமிழாகிவிடும்.

எனவே நிரலைக் கேட்கும்போதே பத்துச் சொற்களைச் சோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது: வெளிநாடு, வெள்ளவத்தை, கௌரி, வௌவால், கொழும்பு, யாழ்ப்பாணம், ஒரு மின்னஞ்சல் முகவரி, இப்படி. பாமினி வடிவம் ஒரு பக்கம், வரவேண்டிய தமிழ் மறுபக்கம். எடிட்டரில் சோதனைகளுக்கென்றே ஒரு குடுவைச் சின்னம் இடப்பக்கப் பட்டையில் உண்டு. அதை அழுத்தினால் பத்தும் ஓடி, தேறியதற்குப் பச்சை, தவறியதற்குச் சிவப்பு காட்டும். இந்தப் பச்சையை ஓரளவு நம்பலாம், ஏனென்றால் கேள்வித்தாள் நீங்கள் எழுதியது.

நிரல் தனிக் கோப்பாக வராமல் ஒரு முழுக் கோப்புறையாகச் சுருக்கி வந்தால் வேறு ஒரு விஷயம். 2021 முதல், புதிய கோப்புறையைத் திறக்கும்போது விஷுவல் ஸ்டுடியோ கோட் "இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா" என்று கேட்கிறது. பலரும் தொல்லை என்று யோசிக்காமல் ஆம் என்கிறார்கள். கேள்விக்குக் காரணம் இருக்கிறது: கோப்புறையைத் திறந்தவுடனேயே தானாக ஓடும்படி சில பணிகளை அதற்குள் எழுதி வைக்க முடியும். இல்லை என்று சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது. கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் கோப்புறை திறக்கும். படிக்கலாம், தேடலாம், இயக்க முடியாது. முதல் வாசிப்புக்கு அதுதான் பொருத்தமான நிலை.

இப்போது எடிட்டருக்குள்ளேயே குடியிருக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் முக்கோணத்தை நமக்காகத் தாங்களே அழுத்தவும் தயாராக இருக்கிறார்கள். டெர்மினலில் ஒரு கட்டளையை இயக்கும் முன் வழக்கமாக அனுமதி கேட்பார்கள். பக்கத்திலேயே 'இனி எப்போதும் அனுமதி' என்ற தெரிவும் இருக்கும். அதைத் தெரிவு செய்தால் மேலே சொன்ன எந்த இடத்திலும் நிற்க உங்களுக்கு வாய்ப்பில்லை. ஒரேயொரு பிரதி மட்டும் உள்ள கோப்புகள் இருக்கும் கணினியில் அதைத் தொடாமலிருப்பது உத்தமம்.

மாற்றம் முடிந்த பிறகு டெர்மினலில் தமிழ் உடைந்து, கொம்பும் காலும் தனித்தனியாகத் தெரியலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். டெர்மினல் ஒவ்வொரு குறியையும் ஒரே அளவு கட்டத்துக்குள் அடைக்கப் பார்ப்பதால் வரும் கோலம் அது. கோப்புக்குள் எழுத்து சரியாகவே இருக்கும். கோப்பை எடிட்டரில் திறந்து, கீழ்ப்பட்டையில் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கோப்புறையில் எத்தனை கோப்புகள், புதியதில் எத்தனை என்று எண்ணுங்கள். அளவும் பெருத்திருக்க வேண்டும். ஒரு பைட்டில் இருந்த குறி இப்போது மூன்று பைட் எடுப்பதால், மாற்றிய கோப்பு பழையதைவிடச் சிறியதாக இருந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லாக் கோப்புகளிலும் ஒரே நேரத்தில் தேடலாம். 'வௌ' என்று தட்டிப் பாருங்கள். வௌவால் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை விட்டுவிடலாம். மற்றவை அநேகமாக வெளிநாடும் வெளியீடும் வெள்ளவத்தையும்தான்.